முழங்கால் இடிக்காத டிரெய்லர்

வெர்லீன் ஸ்ட்ரௌடுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. நெப்ராஸ்காவில் முப்பது வருடம் ஒரே தடத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், ஓய்வுபெற்ற நாளிலிருந்து கூண்டுக்குள் இருப்பதுபோல் தவித்தாள். ஓரெகான் கடற்கரைக்குப் போகவேண்டும். அதுவும் கட்டிலும் கழிப்பறையும் உள்ள, வண்டிக்குப் பின்னால் மாட்டும் சொந்த டிரெய்லரை இழுத்துப்போய், சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அலைச் சத்தம் கேட்கவேண்டும். மூன்று கோடைகள் இந்தப் பேச்சிலேயே கழிந்தன.

குறுக்கே நின்றவன் கணவன் ஆரின். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, அதுதான் கொடுமை. சனிக்கிழமை தவறாமல் டிரெய்லர் விற்கும் மைதானத்துக்கு வருவான். எல்லோரையும்போல பூட்ஸைக் கழற்றிக் கட்டிலில் நீட்டிப் படுப்பான். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்து பார்ப்பான். வெளியே வந்ததும் ஒரு நொட்டை சொல்வான். இதில் முழங்கால் இடிக்கிறது. அதில் ராத்திரி எழுந்தால் உன்னைத் தாண்டவேண்டும். இன்னொன்று நம் பிக்கப் வண்டியால் இழுக்க முடியாத கனம். கனத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் நியாயம். மற்றதெல்லாம் சப்பைக்கட்டு என்று தெரிந்தும் வெர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை பார்த்த டிரெய்லரில் எல்லாம் பொருந்தியிருந்தது. கட்டிலின் இரு பக்கமும் இறங்கலாம், கனமும் குறைவு. வழக்கம்போல ஆரின் கழிப்பறைக்குள் போனான். வெளியே வரவேயில்லை.

"இடிக்குதா?" என்றாள் வெர்லீன்.

"இல்ல."

"அப்ப வெளிய வாயேன்."

"இதுல ஒரு குறையும் இல்ல, வெர்லீன்." தண்டனை கேட்டவன் குரல்போல இருந்தது. "டிரெய்லர் நிறுத்தற முகாம்ல அத்தனை பேரும் நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. புதுசா வர்றவன் டிரெய்லர ரிவர்ஸ் எடுக்கறதுதான் அவங்களுக்கு சாயங்கால சினிமா. தம்பியோட டிரெய்லர இரவல் வாங்கி ஓட்டிப் பாத்தேன், உன்கிட்ட சொல்லல. நான் இந்தப் பக்கம் திருப்பினா அது அந்தப் பக்கம் போகுது. வேலியில இடிச்சுட்டேன்."

வெர்லீனுக்கு முதலில் வந்தது கோபம்தான். இதற்காகவா மூன்று கோடை?

"பன்னெண்டு வயசுலயே எங்கப்பாவோட வைக்கோல் டிரெய்லர ரிவர்ஸ்ல கொட்டகைக்குள்ள விட்டவ நான். என்னை ஓட்டுன்னு சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"உனக்கு ஒரே தடவையில ஒழுங்கா போயிடும். அதான் சொல்லல."

பேருந்தைத் தவிர எந்த வண்டியிலும், தேவாலயத்துக்குப் போகையில்கூட, ஓட்டுகிற இடம் அவனுடையது. அதை ஒருநாளும் கேட்கத் தோன்றாத தன்மேலும் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"பிக்கப் சாவியக் குடு," என்றாள்.

கதவு லேசாகத் திறந்து சாவியோடு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. வாங்கிக்கொண்டாள்.

"நீயும் வா. பின்னால நின்னு கை காட்ட ஆள் வேணும். கண்ணாடியில தெரியற மாதிரி நில்லு. நீ தெரியலன்னா வண்டிய ஒரு அடி நகத்த மாட்டேன்."

"அத்தனை பேரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும். நான் உன்னை மட்டும்தானே பாத்துக்கிட்டிருப்பேன்."

ஆரின் கதவை முழுவதும் திறந்து எழுந்து வந்தான்.