பனியன் போட்ட கம்ப்யூட்டர்

திருமூர்த்தியின் தையல் யூனிட்டுக்கு வாங்கிய முதல் கம்ப்யூட்டர் ஒரு தீபாவளியைக்கூடப் பார்க்கவில்லை. பனியன் துணி ஓடுகிற இடத்தில் பஞ்சுத் தூசி ஓயாமல் பறக்கும். மூக்கில் ஏறும், தலைமுடியில் உட்காரும், சோற்றுப் போசியைத் திறந்தால் அதற்குள்ளும் இறங்கும். கம்ப்யூட்டரின் ஃபேன் அதையெல்லாம் உள்ளே இழுத்து, ஒருநாள் மூச்சடைத்து நின்றுபோனது. கழற்றிப் பார்த்த அவன் மனைவி இந்துமதி, "ஏனுங்க, இதுக்குள்ள ஒரு தலகாணிக்கு வேண்டிய பஞ்சு இருக்குதுங்க" என்றாள்.

இந்துமதி பொங்கலூர்ப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஓர் ஏற்றுமதிக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிங் டேபிளில் மிஞ்சிக் கிடந்த பனியன் துணியை எடுத்து, கம்ப்யூட்டர் பெட்டியின் அளவுக்கு வெட்டிக் கொடுத்தாள். திருமூர்த்தி அதை எலாஸ்டிக் வைத்துச் சட்டை மாதிரி தைத்தான். ஃபேனையும் கொஞ்சம் பெரிதாக மாற்றினாள். காற்று உள்ளே போனது, பஞ்சு வெளியிலேயே நின்றது. அழுக்கானால் கழற்றித் துவைத்துப் போட்டால் போதும்.

பக்கத்து யூனிட்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எங்களுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க கண்ணு" என்றார்கள். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, பனியனோடு சேர்த்துக் கம்ப்யூட்டரையே பூட்டி விற்க ஆரம்பித்தாள். அப்படித்தான் வேலம்பாளையத்தில் அவளுடைய கம்ப்யூட்டர் கம்பெனி பிறந்தது. எந்தத் துணிக்கட்டு எந்த மெஷினில் நிற்கிறது என்று காட்டும் ஒரு சாஃப்ட்வேரையும் அவளே எழுதிச் சேர்த்தாள். சர்வீசுக்கு ராஜா முகமது வந்தான். நல்ல கைக்காரன், அவளைவிட நாலைந்து வயது இளையவன், கோபம் மட்டும் சட்டென்று வரும். அனுப்பர்பாளையம் வரைக்கும் அவர்களுடைய பெட்டிகள் பனியன் போட்டுக்கொண்டு ஓடின.

போன வருஷம் தரணி வந்தான். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, அவினாசி ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்டுப் புதுக் கம்பெனி திறந்தவன். அவனுடைய கம்ப்யூட்டர் கைக்கு அடக்கமாக, பளபளவென்று இருந்தது. விளம்பரம் அதைவிடப் பளபளப்பு. உள்ளூர் கேபிளிலும் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் அது ஓடியது.

விளம்பரத்தில் வேட்டி கட்டிய ஒரு தொப்பைக்காரர். அவர் முன்னால் கை வைத்த பனியன் போட்டு ஒரு கம்ப்யூட்டர். "வேர்க்குதா சாமி?" என்று அவர் அதற்கு விசிறி விடுகிறார். சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறார், டீ குடிக்கிறார், பேப்பர் படிக்கிறார், திரும்பி வருகிறார். அது இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. கடைசியில் பனியனை மட்டும் கழற்றித் துவைத்துக் கொடியில் காயப்போடுகிறார். 'கம்ப்யூட்டர் வாங்குங்க, பனியன் நம்ம ஊர்லயே கெடைக்கும்' என்று எழுத்து வருகிறது.

முதல் தடவை பார்த்தபோது இந்துமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேர்க்குதா சாமி" என்கிற இடத்தில் வாய்விட்டே சிரித்தாள். பிறகுதான் திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் தெச்சதப் பாத்து ஊரே சிரிக்குது மதி" என்றான் அவன். தட்டில் இருந்ததைச் சாப்பிடாமல் எழுந்து கை கழுவினான். தான் சிரித்தது அவளுக்குச் சுருக்கென்று குத்தியது.

அடுத்த வாரங்களில் சில யூனிட்கள் தரணி பக்கம் போயின. போகாதவர்களும் போனில், "உங்க கம்ப்யூட்டருக்குச் சட்டை அளவெடுக்கோணுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ராஜா முகமதுவுக்குப் பொறுக்கவில்லை. "நாமும் ஒண்ணு எடுப்போம்க்கா. அவன் மானம் போற மாதிரி எடுப்போம்" என்று தினமும் சொன்னான்.

அதற்கு வாய்ப்பும் தானாக வந்தது. அனுப்பர்பாளையத்தில் யூனிட் வைத்திருக்கும் சுப்பண்ணன் அவர்களுடைய பழைய வாடிக்கையாளர், தரணியிடம் மாறியவர். அவருடைய புதுக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ராஜா முகமது அதைத் திறந்தான். உள்ளே பஞ்சு. பச்சை, சிவப்பு, வெள்ளை என்று ஓடிய துணியின் நிறமெல்லாம் அடை அடையாகப் படிந்திருந்தது.

"அக்கா, இது ஒண்ணு போதும். அப்படியே வீடியோ எடுத்துப் போட்டுரலாம். அவன் பளபளப்புக்குள்ள என்ன இருக்குதுன்னு ஊரு பாக்கட்டும்."

இந்துமதி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளே போனை எடுத்து, பக்கத்தில் விளக்கைத் திருப்பி வைத்துப் படம் பிடித்தாள். திருமூர்த்தி கை கழுவப் போனதுதான் அவள் கண்ணுக்குள் நின்றது. படம் தெளிவாக வந்திருந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சுப்பண்ணன் யூனிட்டின் பெயரும் தெளிவாக விழுந்திருந்தது.

அந்த நேரம் சுப்பண்ணனே கூப்பிட்டார். "கண்ணு, நேர்ல வர கூச்சமா இருந்துச்சு. உங்களெ உட்டுப்போட்டுப் போனவன் நானு. வெளிய தெரியாமப் பாத்துக் குடுங்க சாமி."

"அதுக்கென்னங்க, சாயங்காலத்துக்குள்ள குடுத்தனுப்பறேனுங்க" என்றாள். போனை வைத்ததும் அந்த வீடியோவை அழித்தாள். ராஜா முகமது தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இது தரணி பெட்டி இல்ல ராஜா, சுப்பண்ணன் பெட்டி. நம்மள நம்பிக் குடுத்திருக்காரு. அத வெச்சு நாம சண்டை போடக் கூடாது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அந்த விளம்பரத்துல டீ குடிக்கப் போறாரே, அது பொய்யா?"

அவன் குனிந்து ஸ்க்ரூவைத் தேடினான்.

"சொல்லு ராஜா."

"பொய் இல்லீங்க்கா. பழைய பெட்டியெல்லாம் ஸ்டார்ட் ஆக அவ்வளவு நேரம் ஆகுதுதான்."

இருவரும் சேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தார்கள். அதன் அளவுக்கு ஒரு பனியனைத் திருமூர்த்தியிடம் தைத்து வாங்கிப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் இந்துமதி தன் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பினாள். 'எங்களைப் பற்றிய விளம்பரத்தை நாங்களும் பார்த்துச் சிரித்தோம். ஸ்டார்ட் ஆக நேரமாகிறது என்று சொன்னது உண்மை. ஒவ்வொரு யூனிட்டாக வந்து சரிசெய்து தருகிறோம். பனியன் மட்டும் அப்படியே இருக்கும்.' தரணியின் பெயரை அதில் எடுக்கவே இல்லை.

சொன்னபடி போனார்கள். மழைக்காலம் முழுக்க ராஜா முகமது வண்டியில் சுற்றி, பழைய பெட்டிகளுக்குப் புது டிஸ்க் மாட்டினான். அவள் சாஃப்ட்வேரில் வேண்டாத சுமைகளைக் குறைத்தாள். சுவிட்சைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்தது. யூனிட்காரர்களின் பேச்சும் மெல்ல மாறியது. "வேர்க்குதா சாமி" என்று இப்போதும் சொன்னார்கள், ஆனால் சொந்த வீட்டுப் பிள்ளையைக் கேலி செய்கிற மாதிரி. தைத்த துணியைச் சரிபார்க்கும் ஒரு செக்கிங் யூனிட்டில் பெண்கள் சேர்ந்து தங்கள் கம்ப்யூட்டரின் பனியனுக்குக் காலர் வைக்கச் சொன்னார்கள். திருமூர்த்தி வைத்துக் கொடுத்தான். அதன் பிறகு ஆளாளுக்குக் கலர் கேட்டார்கள், பாக்கெட் கேட்டார்கள். அவனுக்கு முகம் தெளிந்தது.

தை பிறந்த பிறகு ஒருநாள் தரணி நேரில் வந்தான். வாசலிலேயே கொஞ்சம் தயங்கினான்.

"அக்கா, சுப்பண்ணன் யூனிட்ல எங்க பெட்டிக்கு ஒரு சட்டை போட்டிருந்துச்சுங்க. நீங்க போட்டதுன்னாங்க. அதுக்கப்புறம் ஒருக்காக்கூட நிக்கலீங்களாம்."

"ஆமாங்க. உக்காருங்க தம்பி."

"தையல் யூனிட்ல இருக்கற எங்க பெட்டிக்கெல்லாம் அது வேணுங்க்கா. தெச்சுக் குடுப்பீங்களா?" தலையைக் குனிந்துகொண்டு சேர்த்துச் சொன்னான்: "விளம்பரத்த இன்னைக்கே நிறுத்தச் சொல்லிர்றேனுங்க."

"எதுக்குங்க நிறுத்தறீங்க? நல்லாத்தான் இருக்குது. டீக்கடைக்குப் போற இடத்த மட்டும் வெட்டிருங்க. அது இப்ப உண்மை இல்லீங்க."

உள்ளேயிருந்து திருமூர்த்தி அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, "பெட்டி எத்தன சைசுல வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டான். தரணிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

போன யூனிட்கள் எல்லாம் திரும்பிவிடவில்லை. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் இரண்டு தரணியிடமே இருக்கின்றன. அவனுடைய சாஃப்ட்வேர் அவர்களுக்குப் பொருந்துகிறது என்று இந்துமதியே சொல்கிறாள். சின்ன யூனிட்கள் அவளிடம் வருகின்றன. போன மாதம் பல்லடத்தில் ஒரு சர்வீஸ் சென்டர் திறந்தாள். ராஜா முகமதுதான் அதற்குப் பொறுப்பு. திறப்பு அன்று தரணியும் வந்து, பந்தியில் திருமூர்த்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.