நீல விளக்குக்குக் கிடைத்த மரியாதை

இண்டர்நெட் ஒழுங்காக ஓடுகிற நாட்களில் எங்களை யாருக்கும் தெரியாது. நின்றுபோன நாளில் எங்களைப் பெற்றவர்கள் வரை எல்லோரும் ஞாபகத்துக்கு வருவார்கள்.

நான் வேலை செய்வது கொழும்பில் ஓர் இண்டர்நெட் கம்பனியில். கம்பி இழுக்கிற பகுதியும் இல்லை, பில் அனுப்புகிற பகுதியும் இல்லை, ஆராய்ச்சிப் பகுதி. பெயர்தான் பெரிது, உள்ளே நானும் ரொஷானும் ஒரு மேசையும்தான். எங்கள் கேள்வி உங்களுக்கும் நன்றாகப் பழக்கமானது. வேகம் பார்த்தால் நூறு காட்டுகிறது. பிறகு ஏன் வெளிநாட்டிலிருக்கும் தங்கச்சியோடு கதைக்கும்போது அவள் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்கிறாள்?

விடையில் பாதி உலகத்துக்குத் தெரியும். வீட்டில் ஒருவர் பெரிய வீடியோ ஒன்றை அனுப்பத் தொடங்கினால் ரவுட்டருக்குள் நீண்ட வரிசை உண்டாகிவிடும். நெருப்புப்பெட்டி வாங்கப் போன உங்களுக்கு முன்னால் ஒருவர் கலியாண வீட்டுச் சாமான் பட்டியலோடு நிற்பது மாதிரி, உங்கள் குரல் அதற்குப் பின்னால் போய் நிற்கும். எங்கள் ஊர் வீடுகளில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு, எப்போது என்பதுதான் தெரியாத பாதி. அதை அளக்கப் பன்னிரண்டு இடங்களில் இடத்துக்கொரு சின்னப் பெட்டி வைத்தோம், நாற்பது நாளுக்கு. காத்திருப்பு உண்டென்று காட்டினால், வரிசையை நீளவிடாத ஒரு மாற்றத்தை வாடிக்கையாளர்களின் ரவுட்டர்களில் செய்துபார்க்க அனுமதி கிடைக்கும். காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்குப் பூட்டு.

கொட்டாஞ்சேனையில் ஒரு நேர்முகப் பரீட்சை

முதல் பெட்டி கொட்டாஞ்சேனையில், கோயிலுக்கும் மாதா கோவிலுக்கும் நடுவே இருக்கும் ஒரு பிளட்ஸ் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில். வீட்டுக்காரி ஸ்டெல்லா அன்ரி. இரண்டு மகன்மார், ஒரு மருமகள், எல்லோரும் எந்நேரமும் போனும் கையும். பெட்டியை மேசையில் வைத்ததும் அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார், "மகள், இது நாங்க கதைக்கிறத கேக்குமா?"

கேட்காது என்றேன். யாரோடு கதைக்கிறோமென்று தெரியுமா? தெரியாது. எதைப் பார்க்கிறோமென்று? அதுவும் தெரியாது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். ஆட்களின் அந்தரங்கத்தைத் தொடாமல் அவர்களுடைய இணைப்பை எப்படி அளப்பது என்று எங்கள் துறையில் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கம்பனியின் அனுமதிக் குழு கூட என்னை இவ்வளவு குடையவில்லை. கடைசியில்தான் தெரிந்தது, அன்ரி தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனையை மூடியபடி சொன்னார்:

"கடிதத்த நிறுத்துப் பாக்கலாம், பிரிச்சுப் பாக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

மருதானையில் மூன்று பாதை, ஐந்து கடை

மருதானையில் நஸீர் நானாவுக்குப் போன் திருத்தும் கடை. அதே கட்டிடத்தில் இன்னும் நான்கு கடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வைஃபை. அந்த வைஃபைக்கு ஒன்றையொன்று இடிக்காத அலைவரிசைப் பாதைகள் மூன்றுதான் உண்டு. ஐந்து பேர் ஒரே பாதையில் ஏறினால் ஒருவருக்கும் ஒன்றும் வராது. பக்கத்துப் பக்கத்து ரவுட்டர்கள் தமக்குள்ளே பேசிப் பாதையைப் பிரித்துக்கொள்வது எப்படி என்று நானும் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறேன்.

நானாவின் கடைக்குப் போய்ப் பார்த்தால் அலைவரிசை பளிங்குபோல இருந்தது. கதவில் ஒரு பச்சை ஸ்டிக்கர். அடுத்த கடைக் கதவில் மஞ்சள். அதற்கடுத்ததில் சிவப்பு. பிறகு தூரத்திலிருக்கும் கடைக்கு மறுபடி பச்சை. நானா ஐந்து கடைக்காரர்களையும் ஒரு ப்ளேன்டீக்குக் கூப்பிட்டு, யார் எந்தப் பாதை என்று பிரித்துக் கொடுத்து, மறக்காமலிருக்கக் கதவில் நிறமும் ஒட்டிவிட்டார். இதற்கு ஒரு படிப்பும் அவர் படிக்கவில்லை. எனக்கு எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது. எப்படி நானா இந்த யோசனை வந்தது என்று கேட்டேன்.

"மெஷினுக்குள்ள பேச்சு இல்லாட்டி என்ன தங்கச்சி, எங்களுக்குள்ள பேச்சு ஈக்கிதானே."

மாஸ்டரின் கைத்தட்டு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் அரவிந்தன் மாஸ்டர் இருக்கிறார். மிருதங்கம் படிப்பிக்கிறவர், என் வயதுதான் இருக்கும். விடிய ஆறு மணிக்கு அவருடைய வகுப்பு தொடங்கும். மாணவி கவினா இருப்பது ரொறன்ரோவில், அங்கே முந்தின நாள் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது, தூரம் விடாது. மாஸ்டர் வாசித்துவிட்டு நிறுத்துவார், பிறகு அவள் வாசிப்பாள். அவர் தாளம் போட்டபடி கேட்பார்.

வகுப்புத் தொடங்கமுன் அவர் ஒரு தட்டுத் தட்டுவார். அது கேட்டவுடன் கவினா அங்கே தட்டவேண்டும். திரும்பி வருகிற தட்டு தன் தாளத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்து ஒரு கொப்பியில் எழுதுவார்: அரை, முக்கால், ஒன்றேகால். மூன்று மாதமாக ஒரு நாளும் விடாமல் எழுதியிருந்தார். காத்திருப்பு எப்போதும் ஒரே அளவாக இருந்தால் சமாளித்துவிடுவாராம். அது ஒரு வகுப்புக்குள்ளேயே கூடிக் குறைந்தால்தான் வில்லங்கம். தாளம் தப்பியது பிள்ளையா லைனா என்று தெரியாது. "அநியாயமாப் பிள்ளையை ஏசிப்போட்டன் மிஸ்," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பிருந்த இரண்டு மாணவர்கள் இதனாலேயே நின்றுவிட்டார்கள். கவினாவின் தாய்தகப்பனும் அங்கேயே ஒரு வாத்தியாரைத் தேடுகிறார்களாம்.

நான் என் மடிக்கணினியை எடுத்து அவருடைய வேகத்தை அளந்து காட்டினேன். நூறு. ஒரு குறையும் சொல்ல முடியாத நூறு. மாஸ்டர் அதை எட்டிப் பார்த்தார்.

"வேகம் நல்லாத்தான் கிடக்கு மிஸ். நேரம்தான் சரியில்லை."

பதினொரு நேர்கோடுகள்

முப்பது நாள் முடிய ரொஷான் வரைபடங்களை எடுத்தான். பெட்டிகள் ஒரு நாளைக்கு நான்கு தரம், பத்துப் பத்து நிமிடம் அளக்கும். வாடிக்கையாளரின் டேட்டாவைத் தின்னக்கூடாது என்பது கம்பனியின் நிபந்தனை, ஆகையால் பெட்டி தானாக லைனில் பாரம் எதையும் ஏற்றாது. வீட்டுக்காரர் வழமைபோலப் பாவிக்கும்போது எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் பார்க்கும். பார்த்ததில் பதினொரு இடங்களில் காத்திருப்பே இல்லை. கோடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராகப் போனது. "ஹரி லஸ்ஸனய் அக்கே," என்றான் ரொஷான் சிங்களத்தில். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுக்குப் பரிசு, ஆராய்ச்சிக்குப் பூட்டு.

பன்னிரண்டாவது, மாஸ்டரின் கோடு. அது மட்டும் விடியற்காலையில் தாறுமாறாக எகிறிக் குதித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டி பழுது என்று முடிவு கட்டினேன். ஒரு தரமில்லை, இரண்டு தரம் மாற்றினேன். இரண்டாம் தரமும் அவர் வாசலில் வந்து நின்று, "சரி மிஸ், மாத்துங்கோ," என்று மட்டும் சொன்னார். பதினொரு பெட்டியை நம்பி ஒரு மனுஷனின் காதை நம்பாமல் விட்டேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கம்பனியில் எங்களுக்கு மேலே இருக்கும் பெரியவர் நேர்கோடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அனுமதியை முடிவு செய்யும் கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. பெட்டிகளைத் திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டு எழும்பினார்.

"வருத்தமே இல்லாத ஆளுக்கு எதுக்கு மருந்து?"

பன்னிரண்டு மணி

முதலில் கழற்றப் போனது ஸ்டெல்லா அன்ரி வீட்டுப் பெட்டியை. சரியாகப் பன்னிரண்டு மணி. நான் கையை நீட்டவும் பெட்டியின் நீல விளக்கு மினுங்கத் தொடங்கியது, அது அளக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்ரி குசினியிலிருந்து சத்தம் போட்டார், "லைட் வந்திட்டுது!" மூத்தவன் கந்தோர்க் கூட்டத்தில் இருந்தவன், ஒரு நிமிடம் என்று சொல்லி மடிக்கணினியை மூடினான். இளையவன் பாட்டை நிறுத்தினான். மருமகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான்கு பேரும் பூசைக்கு வந்தவர்கள் மாதிரி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

என்ன இது என்று கேட்டேன். "படிப்பு விஷயம் எண்டு நீங்க பாவம் வெயிலுக்க ஏறி வந்து வச்சிட்டுப் போன பெட்டி. அது வேல செய்யக்க நாங்க குறுக்க நிக்கலாமா மகள்?" என்றார் அன்ரி. ஒரு நாளைக்கு நான்கு தரம், முப்பது நாளும் இப்படித்தானாம். நான் அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை. நீல விளக்கு எரிந்தால் அளக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடும்போது தொல்லை கொடுக்காத சனம், பெட்டியையும் வந்தவராகவே நடத்தியிருக்கிறது. காத்திருப்பை அளக்கப்போன பெட்டி, நேரே அமைதியை அளந்துகொண்டு இருந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் தந்த கொத்தமல்லித் தண்ணியைக் குடித்தேன்.

படியில் இறங்கிக்கொண்டே மற்றவர்களுக்குப் போன் எடுத்தேன். அநேகமாக எல்லா இடத்திலும் இதே கதைதான். வகுப்பை நிறுத்த முடியாத மாஸ்டர் வீட்டில் மட்டும்தான் பெட்டி உண்மையைப் பார்த்திருக்கிறது. நஸீர் நானாவுக்குப் போன் எடுத்தபோது அவர் குரலில் நல்ல உற்சாகம்.

"உங்கட பெட்டி வேல செய்ற நேரம் அஞ்சு கடையிலயும் ஒருத்தரும் போன தொடல்ல தங்கச்சி. நல்ல ரிசல்ட் வந்திச்சா?"

கறுப்பு டேப்

பெரியவரிடம் கூட்டம் வரை தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, அன்று பின்னேரமே நானும் ரொஷானும் முச்சக்கரவண்டியொன்றைப் பிடித்து, வயர்காரர்கள் சுற்றும் கறுப்பு டேப்பை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு இடமும் போனோம். நீல விளக்கின் மேல் ஒரு துண்டு ஒட்டினோம். எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லி, இனி எப்போது அளக்கும் என்பதைச் சொல்லமாட்டோம், தயவுசெய்து எங்களை மதிக்காமல் நடவுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஸ்டெல்லா அன்ரி மட்டும், பாவம் அதற்கு மூச்சு முட்டாதா என்று கேட்டார்.

மிச்சமிருந்த பத்து நாளில் கோடுகள் மலைபோல ஏறின. இரவு எட்டு மணிக்கு ஸ்டெல்லா அன்ரி வீட்டில் குரல் ஒரு தரம் போவதற்கே, மூன்று தரம் போய்வருகிற நேரம் காத்து நின்றது. மாஸ்டர் வீட்டுக் காரணமும் பிடிபட்டது. முந்தின நாள் வகுப்பை அவர் போனில் படமெடுத்து வைப்பார். விடிய வகுப்புத் தொடங்கும்போது அந்தப் போன் சார்ஜில் கிடந்தபடி அந்தப் படத்தைச் சேமித்துவைக்கத் தானாக இண்டர்நெட்டுக்கு அனுப்பத் தொடங்கும். நேற்றைய வகுப்பு இன்றைய வகுப்பின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

பத்து நாள் போதாது என்று கூட்டத்தில் சொல்வார்கள் என்று தெரியும். ஆகவே மாஸ்டரின் கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் பெட்டியின் கோடு ஏறிய ஒவ்வொரு காலையிலும் கொப்பியில் முக்காலும் ஒன்றேகாலும் இருந்தது. இறங்கிய காலையில் அரை. நாற்பது நாளும் பொருந்தியது. அதற்கு முந்தின மூன்று மாதம் எங்களிடம் இல்லை, அவரிடம் இருந்தது. பெரியவர் கொப்பியைக் கையிலெடுத்து வெகுநேரம் புரட்டினார். இவ்வளவு ஒழுங்காக அளந்த கருவி எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுன் ரொஷான் தன் தமிழில் சொன்னான்:

"கருவி இல்ல சேர், ரெண்டு கை."

ஏச்சு யாருக்கு

அனுமதி கிடைத்தது. முதல் மாற்றத்தை மாஸ்டரின் ரவுட்டரில்தான் செய்தோம். சின்னதுகளை முன்னால் விட்டு, பெரியதை ஓரமாக நிற்கச் சொல்கிற மாற்றம். வேலை முடிந்துவிடவில்லை. பழைய ரவுட்டர்களுக்கு இதைச் சுமக்கிற மூளை இல்லை, லைனின் அகலமும் வேளைக்கு வேளை மாறுகிறது. நாங்களும் உலகமும் இன்னும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறோம்.

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு நானும் அங்கே போய் ஒரு மூலையில் இருந்தேன். திரையில் கவினா, அவளுக்குப் பின்னால் தாயும் தகப்பனும் கை கட்டிக்கொண்டு. மாஸ்டர் தட்டினார். திரும்பி வந்த தட்டு அரையில் விழுந்தது. இன்னொரு தரம், அரை. பத்துத் தரம் தட்டியும் அரையை விட்டு அது அசையவில்லை. அவர் கொப்பியை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். பிறகு அவள் வாசித்தாள், மூன்றாவது ஆவர்த்தனத்தில் தாளம் தப்பினாள். மாஸ்டரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"கவினா, போன மாசம் ஏசினதெல்லாம் லைனுக்கு, என்னை மன்னிச்சுக்கொள். இண்டைக்கு ஏசுறது உனக்கு!"

இப்போது நாங்கள் செய்யும் பெட்டிகளில் விளக்கே இல்லை, ஏனென்றால் இண்டர்நெட்டை அளக்கும் கருவியைக் கண்டுபிடித்த உலகம், கொழும்புச் சனத்தின் மரியாதையைத் தாங்கும் கருவியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.