பாகற்காய்க்காரர் வாக்களித்த பியர்

டென்மார்க்கின் வைலே நகரில் வீடு வாங்கியபோதே வேலியில் ஒரு கொடி ஏறிக்கொண்டிருந்தது. மனைவி அதற்குப் புடலங்கொடிக்குப் போடுவதுபோலப் பந்தல் போட்டு, காய் வரும் என்று கோடை கோடையாகக் காத்திருந்தாள். வந்ததோ பச்சைக் கடதாசிப் பூப்போல ஏதோ ஒன்று. அது ஹொப்ஸ், பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுப்பது என்று சொன்னவர், மகளுக்கு மாமனாராக வரவிருந்த டேனிஷ்காரர்.

அவர் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். மகளின் எழுத்துக்கு, அதாவது கொம்யூன் என்கிற நகரசபையில் நடக்கும் பதிவுத் திருமணத்துக்கு, இந்தப் பூவில் பியர் போடலாம் என்றார். "கொடி உங்களுடையது. என்ன வகை என்று நீங்களே சொல்லுங்கள்."

நான் கோயில் நிர்வாகசபையில் இருப்பவன். பியர் என் உதட்டில்கூடப் பட்டதில்லை. ஆனால் சம்பந்தி முதன்முதலாக ஒன்று கேட்கிறார், முகத்தை முறிக்க முடியுமா? அந்த மனிதர் எங்களை வேற்றாட்களாக நினைத்துவிடக் கூடாதே என்ற பயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

கடைப் பொதியில் கசப்பின் அளவு போட்டிருக்குமாம். வீட்டுக்கொடியில் அது யாருக்கும் தெரியாது. பூவைத் தேநீர்போல ஊற்றிக் குடித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கசப்பு அதிகமென்றால் கோதுமை பியர். கடைசியில் வாசத்துக்கு ஒரு கைப்பிடி போதும். குறைவென்றால் கசப்பு பியர். எல்லாவற்றையும் கொட்டி அவிக்கலாம்.

சம்பந்தி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "கோதுமை."

மனைவி என்னைப் பார்த்தாள். "இதெல்லாம் ஒரு கசப்போ? பாவக்காய்க்குக் கிட்டவும் வராது." எனக்கும் அப்படித்தான் பட்டது.

இந்த நாட்டில் சங்கத்துக்கு நாற்காலி வாங்கவும் கை தூக்குவார்கள். சம்பந்தி வாக்கெடுப்பு வைத்தார். கசப்புக்கு நாங்கள் இருவரும் கை தூக்கினோம். தோற்றவர் முணுமுணுக்காமல் பூ முழுவதையும் பானைக்குள் கொட்டினார். போத்தலில் அடைக்கும்போது நிச்சயம் ருசி பார்த்திருப்பார். அப்போதும் வாயே திறக்கவில்லை.

எழுத்து முடிந்து தோட்டத்தில் விருந்து. டேனிஷ் உறவினர் ஒரு மிடறு குடித்து, மிக அழகாகச் சிரித்து, கிளாஸைப் பூச்சாடிக்குப் பின்னால் வைத்தார்கள். அங்கே இடம் தீர்ந்தபிறகு ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். சம்பந்தி மட்டும் கண்ணில் நீர் வழியக் குடித்துக்கொண்டிருந்தார். போதும் நிறுத்துங்கள் என்று மகள் டேனிஷில் கெஞ்சினாள்.

"வாக்கு என்றால் வாக்கு," என்று அவர் அடுத்த போத்தலைத் திறந்தார். வெட்கத்தில் எனக்கு உயிர் போனது.

மனைவி பதறிப்போய், கைக்கு அகப்பட்ட தட்டை என்னிடம் நீட்டினாள். "ஐயோ, அந்த மனுசனை முதல்ல ஏதும் சாப்பிடச் சொல்லுங்கோ."

தட்டில் இருந்தது பாகற்காய்ப் பொரியல். டேனிஷ்காரர் கண்ணில் படாமல் எங்கள் ஆட்களுக்கென்று ஒளித்து வைத்தது. கசக்கும் என்று நான் சொல்வதற்குள் சம்பந்தி ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டார். மென்றார். மறுபடியும் அள்ளினார்.

"இது கசக்கவே இல்லையே," என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மனைவி தட்டை அப்படியே அவர் மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பிறகென்ன, எங்கட ஆள்தானே."