ஸ்டோர்க்காரரின் கேசட்

சிவப்புப் பொத்தானையும் பக்கத்திலிருந்த கறுப்புப் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால்தான் அந்த மிஷினில் குரல் பதிவாகும். எங்கள் ஸ்டோர்க்காரருக்கு அது ஒரு தடவையில் வந்ததே இல்லை. கறுப்பை மட்டும் அழுத்திவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். நான் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்துவேன். எழுபதுகளின் முற்பகுதி அது. பஹ்ரைனில் ஈசா டவுனுக்குப் பக்கத்தில் வீடுகள் கட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் கேம்ப். ரூமில் நாங்கள் நான்கு பேர்: சைட்டின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்க்காரர், இரண்டு கார்பெண்டர்கள், ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த நான். டேப் ரெக்கார்டர் என்னுடையது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அன்றைக்கு ஊருக்குப் போன் பேசுவதெல்லாம் எங்களைப் போன்றவர்களால் ஆகிற காரியமில்லை. கடிதம் போடலாம். ஆனால் ஸ்டோர்க்காரரின் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் யாராவது அதைப் படித்துச் சொல்ல வேண்டும், அப்புறம் ஊரே படித்த மாதிரிதான். அதனால்தான் கேசட். லீவில் போகிறவரிடம் கொடுத்தனுப்பினால், அந்த அம்மா ஊரில் சிங்கப்பூர் போய்வந்த ஒருவர் வீட்டு மிஷினை இரவல் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்பார். பிறகு அதே கேசட்டில் தான் பேசி அனுப்புவார். கேசட் விலை அப்படி. அவர் பேச்சை அழித்து இவரும், இவர் பேச்சை அழித்து அவருமாக ஒரே கேசட் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கடல் தாண்டிப் போய்வந்தது.

ஒருவர் பேச உட்கார்ந்தால் மற்ற மூவரும் ரூமை விட்டு வெளியேற வேண்டும். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. வெயிலடித்தாலும் புழுதி பறந்தாலும் தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் நின்றுகொள்வோம். கதவு திறந்த பிறகு என்ன பேசினீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. பேசி முடித்த கேசட்டுகள், ஊருக்குப் போகிற ஆள் கிடைக்கும்வரை என் பெட்டியில் இருக்கும். ஆபீஸ் ஆள், படித்தவன் என்று என்மேல் ஒரு நம்பிக்கை.

அமெரிக்க ஜனாதிபதி தன் அறையில் பேசியதையெல்லாம் தானே ரகசியமாக டேப் செய்து வைத்திருக்கிறார் என்ற செய்தி அந்த நாட்களில்தான் வந்தது. கொடு என்று கோர்ட்டு கேட்கிறது, மாட்டேன் என்று அவர் சொல்கிறார். எங்கள் இன்ஜினியர் ஓர் அமெரிக்கர். அவர் படித்துவிட்டுப் போடும் பத்திரிகைகளை நான் ரூமுக்குக் கொண்டுவந்து, தமிழில் விளக்கிச் சொல்வேன். லீவு நாளான வெள்ளிக்கிழமை மதியம் சாம்பார் சாதம் முடிந்ததும் எங்கள் ரூமில் அமெரிக்க செனட் கூடிவிடும். கூலிக்கு வந்த நான்கு பேருக்கு அமெரிக்கா எதற்கு என்று கேட்கலாம். ஊர் அரசியல் பேசினால் கார்பெண்டர்கள் இருவரும் எதிரெதிர்க் கட்சி, பாத்திரம் பறக்கும். இருக்கிற நாட்டைப் பற்றி வாய் திறந்தால் எங்களுக்கு விசா கொடுத்த கஃபீல் காதுக்குப் போய்விடும், மறுநாளே டிக்கெட் கையில். வாய்க்கு வந்தபடி சண்டை போட எங்களுக்கு மிச்சமிருந்தது அமெரிக்கா ஒன்றுதான்.

நான் டேப்பைக் கொடுக்கச் சொல்லும் கட்சி. நாட்டை ஆள்கிறவன் ஆபீஸில் உட்கார்ந்து பேசியது மக்கள் சொத்து, மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்பேன். பத்திரிகையில் படித்த வாதங்களை என்னுடையவை போல எடுத்துவிடுவேன். ஸ்டோர்க்காரர் கொடுக்கக் கூடாது என்னும் கட்சி. அந்த ஜனாதிபதியின் பெயரைக்கூட அவர் ஒழுங்காகச் சொன்னதில்லை, ஆனாலும் பிடி கொடுக்க மாட்டார். நாற்பத்தைந்து வயது, மெதுவான பேச்சு. கார்பெண்டர்கள் எந்தப் பக்கம் சிரிக்கிறார்களோ அந்தப் பக்கத்துக்கு ஜெயம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டோர்க்காரருக்கு மட்டும் டியூட்டி இருந்தது. கப்பலில் வந்த சாமான்களை இறக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நீ நாலு இங்கிலீசு புஸ்தகம் படிச்சுட்டு வந்து சொல்ற. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கதவச் சாத்திக்கிட்டு ஒருத்தன் பேசுனது, யாருகிட்ட பேசினானோ அவங்களுக்குத்தானே சொந்தம்? நாலு பேரு கேக்கணும்னு அவன் பேசலயே."

கார்பெண்டர்கள் இரண்டு பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். தம்பி அவுட்டு என்றார் பெரிய கார்பெண்டர். ஸ்டோர்க்காரரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒரு பதில் தோன்றியிருந்தால் போதும், இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது. அண்ணன் எதற்கு இவ்வளவு வரிந்துகட்டுகிறார் என்று இப்போது தெரியும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து, முந்தின நாள் அவர் பேசிக் கொடுத்திருந்த கேசட்டை எடுத்து மிஷினில் போட்டேன். வேண்டாம்பா என்றார் சின்னக் கார்பெண்டர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் சாதாரண விசாரிப்புதான். பசு கன்று போட்டதா, கூரைக்கு ஓடு மாற்றியாயிற்றா. கார்பெண்டர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர் குரல் தாழ்ந்தது.

"ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்க. போன வாரம் சூப்பர்வைசர் என்னக் கை நீட்டி அடிச்சுட்டான். வேற பெட்டிய எடுத்துக் குடுத்துட்டேன்னு. கன்னத்துல. எங்கப்பாகூட என்ன அடிச்சதில்ல. ரூம்ல எவனுக்கும் தெரியாது, தெரிஞ்சா மரியாத போயிரும். உங்கிட்ட சொல்லாம எனக்குத் தூக்கம் வரல."

அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. கார்பெண்டர்கள் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். ஸ்டோர்க்காரர் நின்றுகொண்டிருந்தார். கிடங்குச் சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. அவரே வந்தார். அன்றைக்குச் சரியான பொத்தானை ஒரே தடவையில் அழுத்தினார். கேசட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஊருக்குப் புறப்பட்ட ஆளிடம் அவர் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. அதற்குப் பிறகு என் மிஷின் முன்னால் அவர் உட்காரவும் இல்லை. மாதம் ஒரு கடிதம் மட்டும் சின்னக் கார்பெண்டரைக் கொண்டு எழுதிப் போட்டார், நலம், நலமறிய ஆவல் என்று, ஊரார் எல்லோரும் கேட்கக்கூடிய கடிதம். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை பக்கத்தில் போனேன். இரண்டு தடவையும் அவர் டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார். அதுவரை என்னை நீ, வா, போ என்றவர், அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நீங்க என்றார். அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த மரியாதையை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் நான் சொன்னபடிதான் நடந்தது. டேப்பைக் கொடுக்க வேண்டியதாயிற்று, ஜனாதிபதி பதவியை விட்டுப் போனார். பத்திரிகையை ரூமுக்குக் கொண்டுவந்தேன், பிரிக்காமலே கட்டிலுக்கடியில் போட்டேன். ஜனாதிபதி டேப்பைக் கொடுத்திருக்கத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என் கருத்தில் தப்பில்லை. நியாயம் என் பக்கம் இருக்கிற தைரியத்தில் ஒரு மனுஷன் நம்பிக் கொடுத்த கேசட்டைப் போட்டேன் என்பதுதான் இத்தனை வருஷமாக என்னைக் கூசவைக்கிறது. இன்று பஸ்ஸில் யாராவது செல்போனில் வந்த குரலைச் சத்தமாக வைத்துக் கேட்டால், நான் இருக்கை மாறி உட்கார்ந்துவிடுகிறேன்.

அடுத்த வருஷம் எனக்கு லீவு கிடைத்தது. ஸ்டோர்க்காரர் ஒரு புடவையும் சோப்புக் கட்டியும் கொடுத்தார். ஊரில் போய்த் தபாலில் அனுப்பினால் போதும் என்றார், நான்தான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று பிடிவாதமாகச் சொன்னேன். ஊரில் அவர் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா வாசலில் பாய் விரித்து, காப்பி கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, ஏன் இப்பல்லாம் அவரு குரல் வரதில்ல? ஒடம்புக்கு ஏதாச்சுமா? அங்க வேல ரொம்பக் கஷ்டமா?"

எனக்குத் தெரிந்தது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவருக்கென்று சொன்னதை நாங்கள் மூன்று பேர் கேட்டுவிட்டோம், அவர் மட்டும் கேட்கவில்லை. மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்று வாரம் தவறாமல் முழங்கியவன், மிஷின் ரிப்பேர் அண்ணி என்றேன்.

அவர் முகம் உடனே தெளிந்துவிட்டது. அவ்வளவுதானா என்று உள்ளே போய் ஒரு புதுக் கேசட்டை எடுத்துவந்தார். "நானே காசு சேத்து வாங்கிப் பேசி வச்சிருக்கேன். மிஷினு சரியானதும் போட்டுக் கேக்கச் சொல்லுங்க. பதிலு வேணும்னு சொல்லுங்க." லீவு முடிகிறவரை அந்தக் கேசட்டை நான் பெட்டியில் வைக்கவில்லை, பூஜை அலமாரியில் வைத்திருந்தேன். என் வீட்டில் அப்போது ஒரு மிஷின் இருந்தது. அதன் பக்கமே கொண்டுபோகவில்லை.

கேம்ப்புக்குத் திரும்பியதும் அதை ஸ்டோர்க்காரரிடம் கொடுத்தேன், அண்ணி பதில் கேட்டார்கள் என்றும் சொன்னேன். ரூமில் வேறு யாருமில்லை. மிஷினைக் கொண்டுவந்து அவர் கட்டில்மேல் வைத்தேன். அவர் கேசட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கோபமில்லாமல், சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பதைப் போலக் கேட்டார்:

"நீங்க கேட்டாச்சா?"

இல்லண்ணே என்றேன். அது சத்தியம். சரி என்று தலையாட்டிவிட்டு, கேசட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மிஷினை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.