எட்டுத் தோளுக்கு ஒரு மயில்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அண்ணன் செய்த மயிலைப் பார்த்திருக்கிறீர்கள். சிலர் அதைச் சுமந்தும் இருக்கிறீர்கள். அவர் அதை ஏன் அப்படிச் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியாது. அதை எழுதி வைப்பது தங்கை என்ற முறையில் என் கடமை.

அண்ணன் மாத்தளையை அடுத்த பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகும் பெருந்தெருவை ஒட்டிய வீட்டில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தச்சர். கதவும் கட்டிலும் செய்வார். தேயிலைத் தோட்டத்துக் கோயில்களுக்குச் சாமி வாகனமும் செய்வார். எழுபதுகளில், அரிசி கிடைக்காமல் ஊரே மரவள்ளிக்கிழங்கில் வாழ்ந்த காலத்தில், அப்பா காலமானார். அண்ணன் உளியை எடுத்தார். தம்பி தங்கைகள் யாரும் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க அவர் விடவில்லை.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் பட்டறை எரிந்தது. அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பிய அன்று, பக்கத்து வீட்டுச் சிங்களவரான பண்டா மாமா தம் நெற்பெட்டிக்குள் கையை விட்டு அப்பாவின் உளிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். “மகன், சாமான் எல்லாம் இருக்குது. வேலய பாருங்க” என்றார். அண்ணன் மறுநாளே வேலையைத் தொடங்கினார்.

எங்கள் முருகன் கோயிலின் பழைய மயில் முழுப் பலாமரம். தூக்கப் பதினாறு பேர் வேண்டும். சண்டைக் காலத்தில் ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். இருந்தவர்களும் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கூட்டமாகப் போக அஞ்சினார்கள். இதனால் இரண்டு திருவிழாக்களில் சாமி வீதிக்கு வரவில்லை. கோயில் படியேற முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் தம் வீட்டு வாசலில் நின்று சாமி கும்பிடக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.

“ஆளில்லாம என்னங்க செய்றது? சாமி உள்ளுக்கே சுத்தட்டும்” என்றார் கோயில் தலைவர்.

“ஆள் கொறஞ்சா பாரத்த கொறைப்போம். எட்டுப் பேர் தூக்குற மாதிரி நான் செஞ்சு தாறேன்” என்றார் அண்ணன்.

தலையும் கழுத்தும் கையால் செதுக்குவது என்றும், உடலை உள்ளே கூடாக விடுவது என்றும் தீர்மானித்தார். தோகைதான் சிக்கல். பாரம் குறைய அது மெல்லிய பலகையில், சல்லடை போல் துளைத்ததாக இருக்கவேண்டும். உளி பட்டால் அந்தப் பலகை பிளந்துவிடும். அப்போதுதான் உக்குவளையில் கடை வைத்திருந்த நசீர் நானா பெயர்ப்பலகைகளும் பரிசுக் கேடயங்களும் பொறிக்க ஒரு லேசர் மெஷின் இறக்கியிருந்தார். அண்ணன் ஒற்றை இறகை வரைந்துகொண்டு பஸ் ஏறினார்.

“என்ன ஆசாரி, மயிலுக்கும் நேம் போட் அடிக்கவா?” என்று சிரித்தார் நானா. படத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மெஷின் தோகையைப் பிசிறில்லாமல் வெட்டியது. அண்ணன் அவசரப்பட்டு உடனே பொன் வர்ணம் பூசினார். சில நாளில் வர்ணம் செதில் செதிலாக உரிந்தது. லேசர் சுட்ட விளிம்புகளில் கரி படிந்திருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. சுத்தியலும் உளியும் விடும் தழும்புகளை அறிந்தவருக்குச் சூட்டின் தழும்பு புதிது. தலைவர் வந்து, உரிந்ததை நகத்தால் கிள்ளிப் பார்த்தார்.

“மெஷின் சுட்ட மயில்ல சாமி எப்படிங்க ஏறும்? திருவிழாவுக்குள்ள சரியா வரலன்னா பழையபடி உள்வீதிதான்.”

 அண்ணன் எல்லா இறகுகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையின் விளிம்பையும் அப்பாவின் மிகச் சிறிய உளியால் சுரண்டி, கரியை நீக்கி, விளிம்பைச் சற்றுச் சரிவாக்கினார். அதன்பிறகு வர்ணம் பிடித்தது. சரிவில் வெளிச்சம் பட்டு, வெட்டுப் பலகை நிஜ இறகு போலத் தெரிந்தது.

பார்க்க வந்த நசீர் நானா, “மெஷின் ஒரு மணித்தியாலத்துல வெட்டினத்த நீங்க ஒரு மாசமா சொரண்டுறீங்களே ஆசாரி” என்றார்.

“வெட்டினது ஒங்க மெஷின் நானா. மயில் ஆக்குறது நானு.”

திருவிழா அன்று காலை டவுனிலிருந்து வரவேண்டிய பையன்கள் வரவில்லை. சாவடியில் நிறுத்தி வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. வந்திருந்த ஆண்கள் நான்கு பேர். ஐயர் தீபத்தோடு காத்திருந்தார். அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாகனத்தைத் தூக்கும் முன் தண்டின் அருகே போய் நின்றார். இன்னும் மூன்று பெண்கள் பின்னால் போனார்கள்.

“பொம்பளைங்க தூக்குறதா? அதோட, ஒயரம் சரியா வராதுங்களே. சாமி சாஞ்சிரும்” என்றார் தலைவர்.

அண்ணன் வாகனசாலைக்குள் போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கொட்டினார். தோளில் வைக்கும் துணிச் சும்மாடுகள், பல தடிப்பில். குள்ளமானவர்களுக்குத் தடித்தவை.

“இத எப்பங்க தைச்சீங்க?” என்று கேட்டார் தலைவர்.

“அவ தைச்சா. மொத பலக வெட்டின அன்னைக்கே” என்று அண்ணியைக் காட்டினார் அண்ணன்.

தலைவர் குனிந்து சும்மாடுகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்துத் தாமே அண்ணியின் கையில் கொடுத்தார். சாமி சாயாமல் வீதி சுற்றி வந்தது. வெளியே எடுத்துப் போட்ட நாற்காலிகளில் முதியவர்கள் காத்திருந்தார்கள். வாகனத்துக்குப் பின்னால் அண்ணன் உளியைச் சட்டைப்பையில் வைத்தபடி, மயிலின் மூட்டுகளை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த ஆண்டே அவருக்கு இதயநோய் கண்டது. மாத்தளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியும் நசீர் நானாவுக்கு ஓர் அன்னத்தின் சிறகை வரைந்து கொடுத்தார். அவர் போனபின் அந்த அன்னம் பாதியில் நிற்கிறது. அவருக்குப் பிடிவாதம் அதிகம், கோபமும் உண்டு, பழகியவர்கள் அறிவீர்கள். செய்த வேலையில் குறை கண்டால் முதலில் தம்மையே திட்டிக்கொள்வார் என்பதையும் அறிவீர்கள்.

அவரைக் கவனித்த தாதிமாருக்கும், இறுதிக்கிரியையில் உடன் நின்ற ஊராருக்கும், தம் வேனிலேயே அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த நசீர் நானாவுக்கும், உளிகளைக் காத்துத் தந்த பண்டா மாமாவின் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. துக்க வீடு என்பதால் ஓராண்டுக்கு நாங்கள் வாகனம் தொடுவதில்லை. வரும் திருவிழாவில் முன் தண்டில் அண்ணியின் இடம் காலியாக இருக்கும். ஆணோ பெண்ணோ, உங்களில் யாராவது வாருங்கள். உங்கள் உயரத்துக்கும் சும்மாடு இருக்கிறது.