தாய்மாமன் உழைத்த நாள்

நான்கு வருடங்களுக்கு முன், பிராங்பேர்ட்டில், பெரியபிள்ளையான என் மகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுத்து, ஐயரிடம் நல்ல நேரமும் குறித்தாகிவிட்டது. பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும்போது தேங்காய் உடைக்க வேண்டிய தாய்மாமன்தான் கையில் இல்லை. எனக்கிருக்கிற ஒரே தம்பி சிறையில் இருந்தான். சனத்துக்கு நாங்கள் சொல்லி வைத்திருந்தது, அவன் கனடாவில் என்று.

அவன் களவெடுக்கவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை. லைசென்ஸைப் பறித்த பிறகும் திரும்பத் திரும்பக் கார் ஓடிப் பிடிபட்டவன். தண்டனையில் ஒரு பகுதி முடிய, மிச்சத்துக்கு நிபந்தனை போட்டு வெளியே விட்டார்கள். அதற்கென்று இருக்கும் அதிகாரியைக் குறித்த நாளில் போய்ப் பார்க்க வேண்டும், வீடு மாறினால் அறிவிக்க வேண்டும். தம்பியாரோ பாரிஸில் சித்தப்பாவின் செத்தவீட்டுக்குப் போய், முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை அங்கேயே நின்றுவிட்டார். திரும்பி வந்தும் அதிகாரி பக்கம் போகவில்லை. சிநேகிதன் வீட்டுக்கு மாறியதையும் சொல்லவில்லை.

"செத்தவீட்டுக்குப் போக ஆரிட்டை அக்கா அனுமதி கேக்கிறது?" என்று என்னிடம் நியாயம் வேறு. நீதிமன்றத்துக்கு அந்த நியாயம் விளங்கவில்லை. மிச்சத் தண்டனைக்குத் திரும்ப உள்ளே போட்டார்கள்.

முழுவதும் முடிய, சடங்கு தாண்டிவிடும். ஆனால் உள்ளே ஒழுங்காக வேலை செய்தால் இடைக்கிடை தண்டனையில் ஒரு நாள் கழியும், அப்படிக் கழிகிற நாட்களால் முந்தியே வரலாம் என்று தொலைபேசியில் சொன்னான். சலவைப் பகுதியில் சேர்ந்திருந்தான். அன்று பிடித்தது எனக்குப் பதகளிப்பு. எப்போது பேசினாலும், "இண்டைக்கு வேலைக்குப் போனனியோ?" என்பதுதான் என் முதல் கேள்வி. அவன் இருமினால், மருந்து குடித்தானா என்று துளைத்தெடுப்பேன். வருத்தமென்று படுத்தால் நாள் சேராமல் போய்விடுமே! அழைப்பிதழில் மாமன் பெயரைப் போடுவதா விடுவதா என்று கேட்டுக் கேட்டு அச்சகத்துக்காரருக்கே அலுத்துவிட்டது. இதற்குள் தமிழ்க் கடையில் காணும்போதெல்லாம் ஒரு அக்கா, "தம்பிக்குக் கனடாக் குளிர் ஒத்துக்கொள்ளுதோ?" என்று விசாரிப்பார். நானும் வாய் கூசாமல் பதில் சொல்வேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று என் கணவர், மாமன் இடத்தில் நிற்க என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனுக்கு வேட்டி சால்வை வாங்கி வைத்தார். "மாமா வராட்டி எனக்குச் சடங்கே வேண்டாம்" என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பல்லக்கு, வீடியோ எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டு அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

சடங்குக்கு முதல் நாள் காலை அவனை விட்டார்கள். சிறை வாசலில் கண்டதும் ஏசத்தான் நினைத்தேன், அழுகைதான் வந்தது. காரில் வரும்போது கனடாக் கதையைப் பாடமாக்கிக் கொடுத்தேன். எந்த இடம், என்ன வேலை, எவ்வளவு பனி என்று ஒன்றும் விடவில்லை.

மறுநாள் மண்டபம் நிறைந்த சனம். "கனடாவிலிருந்து பறந்து வந்திருக்கும் தாய்மாமன்!" என்று அறிவிப்பாளர் முழங்கினார். மேடையில் தேங்காயோடு நின்ற தம்பி அவரிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கினான்.

"நான் கனடாவிலை இருந்து வரேல்லை, மறியலிலை இருந்து வாறன். இந்த நாள், உள்ளுக்கை உடுப்புத் தோய்ச்சு என்ரை மருமகளுக்காக நான் உழைச்ச நாள். இதிலை நிண்டு பொய் சொல்ல எனக்கு ஏலாது."

எனக்கு மேடையை விட்டு ஓடலாம் போல இருந்தது. அப்போது முன்வரிசையிலிருந்து அந்தக் கடை அக்காவின் குரல் வந்தது.

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும் தம்பி. நல்ல நேரம் போகுது, தேங்காயை உடையுங்கோ!"

முதலில் சிரித்தது என் மகள்தான். பிறகு சபையே சிரித்தது. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேங்காயை உடைத்தான்.

சனத்தின் வாய்க்குப் பயந்து நான் நிம்மதியில்லாமல் அலைந்த அத்தனை மாதமும், அந்தச் சனம் கனடாக் கதையை நம்பியது போலக் காட்டி எனக்காகத் தன் வாயை மூடி வைத்திருந்திருக்கிறது. அதை நினைத்தால், இன்றைக்கும் அடுத்த வீட்டுக் கதை ஒன்றைத் தோண்டிக் கேட்க வாயெடுக்கும்போது என் நாக்கு தானாக அடங்கிவிடுகிறது.