மெல்போர்னில் நான் பார்த்த குதிரைப் பந்தயம்

அமெரிக்கா வருவதற்கு முன் நானும் மனைவியும் இரண்டு வருடம் மெல்போர்னில் இருந்தோம். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே பெரிய குதிரைப் பந்தயம். அதற்காக ஊருக்கே விடுமுறை. தொண்ணூறுகளில் சான்டா கிளாராவில் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும், கிரீன் கார்டு பேச்சு ஓய்ந்ததும் நான் அந்தப் பந்தயத்தை எடுத்துவிடுவேன். பெண்களின் தொப்பிகள், ஜாக்கிகளின் பட்டுச் சட்டைகள், கடைசி நூறு மீட்டரில் எல்லாரையும் முந்திய ஒரு பழுப்புக் குதிரை. வருடம் ஆக ஆக அந்தக் குதிரை இன்னும் பின்னாலிருந்து வந்தது.

ஒரு சனிக்கிழமை, என்னோடு வேலை பார்த்த கோயம்புத்தூர் நண்பர் தம் மனைவியோடு வந்து, எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு அருகிலிருந்த ரேஸ் மைதானத்துக்குக் கிளம்பினார்.

"எக்ஸ்பர்ட் நீங்க இருக்கீங்க, எங்களுக்கென்னங்க கவலை" என்றார்.

நான் கோட்டும் டையும் அணிந்திருந்தேன். மைதானத்தில் எல்லாரும் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். ஒருவர் என்னை அங்கே வேலை செய்பவன் என்று நினைத்து, டிக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்டார்.

ஓடவிடுவதற்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டினார்கள். பின்னங்கால் தசையை உற்றுப் பார்த்து நான் நான்காம் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். "ஆஸ்திரேலியால புல்லுல ஓடும். மண்ணுல ஓடறதெல்லாம் ரேஸே இல்ல" என்றும் சொல்லிவைத்தேன். நண்பரின் மனைவி, கண் பாவமாக இருக்கிறதென்று ஏழாம் எண்ணைச் சொன்னார்.

ஏழு ஜெயித்தது. மற்ற குதிரைகள் நின்று மூச்சு வாங்கும்போது நான்கு வந்து சேர்ந்தது.

திரும்பும் வழியில் நண்பர், "மெல்போர்ன்ல நீங்க பணம் கட்டின குதிரை ஜெயிச்சுதுங்களா?" என்றார்.

நான் யோசிப்பதற்குள் பின் சீட்டிலிருந்து என் மனைவி சொன்னாள்: "இவர் எங்க பார்த்தார்? ரேஸ் ஓடினப்ப ஆளுக்கொரு பாத்ரூம் க்யூல நின்னுட்டிருந்தோம்."

நண்பர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு நண்பர் மெதுவாகக் கேட்டார்.

"மெல்போர்ன்ல இருந்தது நிஜந்தானுங்களே?"

"அது நிஜம்" என்று அவள் தொடர்ந்தாள். பெண்கள் வரிசையில் அத்தனை பேரும் பந்தய வர்ணனை வந்த ஸ்பீக்கரையே பார்த்து அசையாமல் நின்றார்களாம். முன்பின் தெரியாத ஒரு பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு குதிரையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாளாம். அது ஜெயித்ததாலா தோற்றதாலா என்று இவளுக்குக் கடைசிவரை தெரியவில்லையாம்.

நண்பர் ரேடியோவை அணைத்தார். என் பந்தயக் கதைக்கு அவர் அப்படிச் செய்ததில்லை.

அடுத்த விருந்திலிருந்து மெல்போர்ன் அவள் பொறுப்பானது. நான் சமையலறையில் காபி கலந்தபடி கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.